எபி சத்தியம் செய்யவில்லை

சேலையூர்
8 ஜூன் 2025, ஞாயிறு

பெருங்குளத்தூர் மன்னர் எபி அவர்களின் சமூகத்துக்கு,

டேய், நீ போய் நாலு நாளாகிறது. உயிரோடு இருக்கிறாயா, இல்லை ஹாஸ்டல் சாம்பாரில் மூழ்கிவிட்டாயா? மாதத்தில் ஒரு தடவை ஐந்து நிமிடம், அதுவும் அம்மாவுடன் மட்டும்தான் போன் என்று உன் ஹாஸ்டலில் சொன்னதும் நான் நேராகப் போஸ்ட் ஆபீஸ் போய் பத்து கவர் வாங்கினேன். கவுன்ட்டர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, லவ் லெட்டரா?" என்றார். "இல்லக்கா, ஜெயிலுக்கு" என்றேன். பாவம், முகமே மாறிவிட்டது. சில்லறையைக் கையில் வைத்து, "கவலப்படாத, சீக்கிரம் வந்துடுவாரு" என்றார்.

வீட்டுச் செய்திகள். கேம்ப் ரோட்டில் மறுபடி பள்ளம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நம் அப்பாவை எழுப்புவதற்குள் அம்மாவுக்குத் தொண்டை வற்றிவிடுகிறது. கல்லறையிலிருந்து எழுந்துவந்த லாசரஸின் பெயரை வைத்தால் வாரம் ஓர் அற்புதம் நடந்தால்தான் எழுந்திருப்பாரோ என்னவோ.

படுக்கையை நனைக்கிற பையன்களுக்கு ஹாஸ்டல்தான் மருந்து என்று அம்மாவின் காதில் ஓதினாரே ஜோசலின் ஆன்ட்டி, அவர் இன்று சர்ச் வாசலில் என்னைப் பிடித்து, "தம்பி இல்லாம போரடிக்குதாப்பா?" என்று கேட்டார். "ஆமா ஆன்ட்டி, உங்க பையனையும் அனுப்பிட்டீங்கன்னா தெருவே அமைதியாயிடும்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் சிவப்பாக இருக்கிறது.

கட்டில் முழுக்க இப்போது எனக்குத்தான். உன் பக்கத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, உன் தலையணைகூட அப்படியே இருக்கிறது. விடுதி என்ற சொல்லிலேயே 'விடு' இருக்கிறது, ஆனாலும் விடமாட்டார்களாம். என்ன நியாயம்?

அம்மா உன் பெட்டியில் வைத்த ரப்பர் ஷீட்டை யாராவது பார்த்தால் கூடாரம் என்று சொல்லிவிடு. சாரணர் படை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

ஆரோன்

*

மாணவர் விடுதி
சிங்கப்பெருமாள் கோவில்
15.6.2025

அண்ணா,

உன் லெட்டர் வந்தது. வார்டன் சவுரிமுத்து சார் லெட்டரைப் பிரிக்க மாட்டார். பார்சலைத்தான் பிரிப்பார், முறுக்கு இருந்தால் இரண்டு எடுத்துக்கொள்வார். அதனால் நிஜத்தை எழுதலாம்.

நான் இங்கே ஒரு நாள்கூட நனைக்கவில்லை. பதினோரு நாள். ரப்பர் ஷீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். சார் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா இது? உங்கம்மா அவ்ளோ சொன்னாங்க, உனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று கேட்டார். நான் ஷீட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டேன்.

நனைத்தது நீ. உனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் என்னை உருட்டி ஈரத்தில் விட்டுவிட்டு, டிராயரை மாற்றிக்கொண்டு காய்ந்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்வாய். முதலில் நான்தான் நனைக்கிறேன் என்று நானே நினைத்தேன். மார்ச் மாதம் ஒரு நாள் நீ உருட்டும்போது விழித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம் இரண்டு பேரையும் ஹாலில் நிறுத்தி வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நீ உடனே வைத்தாய். நான் வைக்கவில்லை. சண்டே கிளாஸில் அபிகாயில் அக்கா, சத்தியமே செய்யக் கூடாது, உண்மை பேசும்போதும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதற்குத்தான் அம்மா, "சமாளிக்கவா செய்றே? அண்ணன் மேலயே பழியப் போடறியா?" என்று அடித்தார்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

அம்மாவிடம் எப்போது சொல்வாய்? நீ சொன்னால் நான் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எபி

கவரின் மேல் பெருங்குளத்தூர் என்று எழுதாதே. பெருங்களத்தூரை அப்படி மாற்றி எனக்குப் பட்டப்பெயர் வைத்தது நீதான். சர்ச்சில் எல்லாப் பையன்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

*

சேலையூர்
22 ஜூன் 2025

எபி,

மூன்று பேப்பர் கிழித்துவிட்டேன். மூன்றிலும் முதல் வரி ஜோக்காகவே வந்தது. என் பேனாவுக்கு வேறு பழக்கம் இல்லை.

சரி. நான்தான்.

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதியதும் எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை, தெரியுமா?

ஏழு வயதில் எனக்கு நின்றுபோய்விட்டது. "ஆரோனுக்கு ஏழு வயசுலயே நின்னுடுச்சு, உனக்கு ஏன்டா பத்து வயசாகியும்?" என்று அம்மா உன்னைக் கேட்பாளே, அது வரைக்கும் உண்மை. ஒன்பதாம் வகுப்பில் மறுபடி வந்தது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் பக்கத்தில் நீ படுத்திருந்தாய். சின்னப் பையன் என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவைதான் என்றும் நினைத்தேன். பிறகு, இதில் சிரிப்பதற்கு ஏதாவது இருந்தால் யாரும் என் பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று உனக்குப் பெயர் வைத்தேன். நன்றாக வேலை செய்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது நான் மட்டும் இந்தக் கட்டிலில். விரிப்புக்கு அடியில் கறுப்புக் குப்பைக் கவர் நாலு. அம்மா எழுந்திருக்கும் முன்னால் விரிப்பை அலசி, அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காயவைக்கிறேன். தலையணை என்று பெயர் வைத்தவர் அணையைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டார். பார்த்தாயா, மறுபடியும் ஜோக்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். அம்மாவுக்கு மெத்தை காய்ந்தே தெரிகிறது. நீ அங்கே நனைக்கவில்லை என்று வார்டன் வேறு போனில் சொல்லியிருக்கிறார். இரண்டையும் கூட்டி, ஹாஸ்டல் உன்னைக் குணமாக்கிவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள். வியாழக்கிழமை சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று, கடவுள் உன்னைக் குணமாக்கினார் என்று சாட்சியே சொல்லிவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்களாம். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம், "நல்லா செட் ஆயிட்டான்ங்க. பத்தாவது வரைக்கும் அங்கயே இருக்கட்டும்" என்றாள். அப்பா தலையை ஆட்டினார்.

சொல்லிவிடுகிறேன், எபி. காலாண்டுப் பரீட்சை மட்டும் முடியட்டும். பிளஸ் ஒன்னில் முதல் பரீட்சை, இப்போது வீட்டில் குழப்பம் வேண்டாம். செப்டம்பர்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

இதை நீ படிக்கும்போது என்ன முகம் வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆரோன்

*

மாணவர் விடுதி
13.7.2025

அண்ணா,

போன ஞாயிறு பெற்றோர் பார்க்க வரும் நாள். நீ வரவில்லை. டியூஷன் என்று அம்மா சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூஷன் கிடையாது.

அம்மா எனக்கு முத்தம் கொடுத்து, "பாத்தியா, இங்க வந்ததும் சரியாயிடுச்சு. நல்ல பிள்ளை. பத்தாவது வரைக்கும் இங்கயே படி" என்றார்கள். நான், "எனக்கு முன்னாடியும் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அம்மா, "சரி சரி, போனது போகட்டும்" என்று தலையைத் தடவினார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மா போன பிறகு யோசித்தேன். நனைக்காததால்தானே என்னை இங்கே வைத்திருக்கிறார்கள்? நனைத்தால் ஹாஸ்டலில் குணமாகவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் திங்கள்கிழமை இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். விழிப்பு வந்தது. எழுந்து போகாமல் வேண்டும் என்றே படுக்கையிலேயே போனேன். செவ்வாயும் அதே மாதிரி.

சார் திட்டவில்லை. விரிப்பை நீயே துவை என்றார், மெத்தையை மதில் சுவரின் மேல் போட்டார். ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் தெரியும். என் ரூமில் ஆறு பேர். வினோத்குமார் மட்டும்தான் என் பக்கத்தில் இன்னும் படுக்கிறான், அவனும் மெத்தையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை நான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீரே குடிக்கவில்லை. தூங்குவதற்கு முன்னால் இரண்டு தடவை பாத்ரூம் போனேன். ஆனாலும் வியாழன் காலை நனைந்திருந்தது. வெள்ளியும். நேற்றும். எனக்கு விழிப்பே வரவில்லை அண்ணா. தானாகவே வருகிறது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

இப்போது நிஜமாகவே நான்தான்.

சார், "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் சார் என்று அழுதுவிட்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. காலையில் எழுந்ததும் யார் மேலாவது போட்டுவிட்டால் போதும் என்று இருக்கிறது. வினோத்குமார் பக்கத்தில் படுத்திருந்தபோது ஒரு நிமிடம் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. செய்யவில்லை.

அதனால் நீ சொல்ல வேண்டாம். பரவாயில்லை.

எபி

*

சேலையூர்
24 ஜூலை 2025

எபி,

உன் லெட்டர் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு என்னால் செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. அம்மா ஸ்கூல் வேலை முடிந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலிலேயே சொன்னேன்.

"அம்மா, எபி இல்ல. நான்தான். ஒன்பதாவதுல இருந்து."

அம்மா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், எபி. "தம்பிய கூட்டிட்டு வர்றதுக்கு இப்படி ஒரு பிளானா? எப்பப் பாரு விளையாட்டு உனக்கு" என்றாள். போன வருஷம் தீயணைப்பு வண்டி வருகிறது என்று தெருவையே வெளியே கொண்டுவந்து நிறுத்தினேனே, அதை ஞாபகப்படுத்தினாள். அழுதேன். "நடிப்பு வேற" என்றாள். வேறு வழி தெரியாமல் ஷெல்ஃபில் இருந்து வேதப்புத்தகத்தை எடுத்து அதன் மேல் கை வைத்தேன்.

அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது. "எட்றா கைய. அன்னிக்கும் இதே கையத்தான வெச்ச? இதுல எந்தச் சத்தியத்த நான் நம்பறது?" என்று கத்தினாள்.

அன்றைக்கு நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் கை சும்மா இருந்ததால் அடி வாங்கியது. என் கை பொய் சொன்னதால் தப்பித்தது. இப்போது உண்மை சொல்ல வந்தால் அதற்கு மதிப்பில்லை.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று குப்பைக் கவரை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். என் உடம்புக்கு எவ்வளவு திமிர் பார். புதன் காய்ந்திருந்தது. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் காய்ந்திருந்தது. வேண்டாம் என்றபோது இரண்டு வருஷம் கேட்காமல் வந்தது, வா வா என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. தினமும் காலையில் அம்மா கதவைத் திறந்து, "என்ன சார், எங்க உங்க சாட்சி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஞாயிறு காலை வந்தது.

அசையாமல் அப்படியே படுத்துக்கொண்டு, "அம்மா" என்று கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். நான் சிரித்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த ஈரத்திலேயே, சர்ச்சுக்குக் கட்டியிருந்த புடவையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே சொன்னானேடா. அவன் சொன்னானேடா." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். என்னைத் திட்டவே இல்லை. அன்றைக்கு யாரும் சர்ச்சுக்குப் போகவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு என்னைத் தாம்பரத்தில் டாக்டர் தோத்தாத்ரியிடம் அழைத்துப்போனார். மேஜைக்குக் கீழே அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக எப்போது பிடித்தார் என்று ஞாபகமில்லை. டாக்டர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "உன் வயசுல நூறு பேர்ல ஒருத்தருக்காவது இருக்கும்ப்பா. வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான். தூங்கும்போது உடம்பு செய்றதுக்கு யாரக் குத்தம் சொல்றது?" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உன்னைப் பற்றியும் சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "சின்னவனுக்கு மருந்து வேணாம் சார். பயத்துல வந்தது. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, யாரும் அதப் பத்திப் பேசாதீங்க, நின்னுடும்" என்றார்.

உடம்பு செய்ததற்குக் குற்றம் இல்லைதான். உன்னை உருட்டியது உடம்பு இல்லை. அதை டாக்டரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மூன்று ஞாயிறு. மூன்று பேரும் வருகிறோம். பெட்டியைக் கட்டி வை. பழைய ஸ்கூலில் பேசியாகிவிட்டது. உனக்குத் தனிக் கட்டில் வாங்கியிருக்கிறார் அப்பா, ஜன்னல் பக்கம்.

ஆரோன்

*

சேலையூர்
3 ஆகஸ்ட் 2025

எபி,

ஏன்டா?

நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அம்மா அத்தனை பேர் முன்னால் உன் காலடியில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேன் சாமி, வந்துடு" என்று கெஞ்சியதும், நீ வாயே திறக்காமல் வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டியதும்... நீ பெட்டியைக் கட்டியே வைக்கவில்லை என்று வார்டன் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்தான், "இப்ப இழுத்துட்டுப் போகாதீங்க சார், அவனே கேக்கட்டும்" என்று அப்பாவைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

ரயிலில்தான் திரும்பினோம். உனக்கு என்று வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தை அம்மா வண்டலூர் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள். பெருங்களத்தூரில் வண்டி நின்றது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை சரியாக என் ஜன்னலுக்கு நேரே. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல். நான் பாட்டுக்கு வேறு எங்காவது ஹாஸ்டலில் சேர்ந்துகொள்கிறேன். அப்பாவிடம் கேட்டும் விட்டேன். நீ வா. அம்மாவுக்காகவாவது வா.

ஆரோன்

*

மாணவர் விடுதி
10.8.2025

அண்ணா,

நீ ஹாஸ்டலுக்குப் போக வேண்டாம். இங்கே இருப்பது நன்றாக இருக்காது.

அம்மா அழும்போது எனக்கும் அழுகை வந்தது. பேசினால் வந்துவிடுவேன் என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வர ஆசை. தினமும் ஆசை.

ஆனால் இப்போது வந்தால் வீட்டிலும் நனைப்பேன். புதுக் கட்டிலில் நான் மட்டும்தான் படுப்பேன். ஒரு வாரம் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிறகு ஜோசலின் ஆன்ட்டிக்குத் தெரியும். சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும். முதலில் இருந்தே இவன்தான், பாவம் அண்ணன் தம்பிக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான் என்று சொல்வார்கள். உன்னை நல்லவன் என்பார்கள். அம்மாகூட மனதுக்குள் அப்படி நினைக்கலாம். நினைக்காவிட்டாலும், நினைக்கிறார்களோ என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மார்ச்சில் நான் சொன்னது உண்மை. என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. நான் நனைத்தால் அதுவும் பொய்யாகிவிடும்.

அதனால் நின்ற பிறகுதான் வருவேன். சவுரிமுத்து சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் மெத்தையை இப்போது மதிலில் போடுவதில்லை, மொட்டை மாடியில் போடுகிறார். வினோத்குமார் என் மெத்தையை அவன் பக்கத்துக்கே இழுத்துக்கொண்டான். கேலி செய்யவில்லை. கேட்டதற்கு, "எங்க வூட்டாண்ட கடலே கீது, இதுக்குப் போயி பேஜார் ஆவியா?" என்றான். அவன் அப்பா மீன் பிடிக்கிறவர்.

உனக்கு மாத்திரையில் நின்றுவிட்டதா? நின்றால் எழுது. மறைக்காதே.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். உன் மேல் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. உன் லெட்டர் வந்தால் சந்தோஷமாக இருக்கிறது, படித்து முடித்ததும் கிழித்துவிடுகிறேன்.

தொடர்ந்து முப்பது நாள் காய்ந்திருந்தால் வருவது என்று வைத்திருக்கிறேன். நேற்று வரைக்கும் நான்கு நாள் ஆகியிருந்தது. ரொம்பச் சந்தோஷமாகத் தூங்கினேன். இன்று காலை மறுபடி பூஜ்யம்.

எபி